சர்க்கரையை விட்ட பிள்ளைகள்



பத்து நாளாக ஒன்றும் எழுதவில்லை. வெயில்தான் காரணம். "சார், உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று போன் செய்து விசாரித்த பிள்ளைகளுக்கு நன்றி. நன்றாகவே இருக்கிறேன். இன்று கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமை இல்லாதவர்கள் கடைசி பெஞ்சுக்குப் போய்விடலாம், பழைய வழக்கப்படி.

விஷயம் இதுதான். பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். போன வாரம் சபையில் வி.பி.எஸ். கடைசி நாள் கையில் ஒரு மஞ்சள் அட்டையோடு வந்தாள். நடுவில் சிவப்பு இதயம், சுற்றிலும் ஜிகினா. "இயேசுவைப் போல அன்பு காட்டு" என்று எழுதியிருந்தது. அன்பு காட்டும் செயல்கள் என்று டீச்சர் ஐந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது, பென்சில் பகிர்வது, பாட்டிக்கு ஒத்தாசை செய்வது இப்படி. குழந்தை கெட்டிக்காரி. மத்தியானத்துக்குள் ஐந்தையும் முடித்துவிட்டாள். தாகமே இல்லாத எனக்கு மூன்று முறை தண்ணீர் வந்தது. சாயங்காலம் அட்டையைப் பிடித்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "முடிச்சிட்டேன் தாத்தா. இன்னும் யாருக்கு, எப்படின்னு இதுல போடலையே?" என்றாள்.

அவளுக்கு அன்றிரவு ஒரு கதை சொன்னேன். உங்களில் சிலருக்கு ஒன்பதாம் வகுப்பில் சொன்ன கதைதான். அப்போது பரீட்சைக்கு வராது என்பதால் பாதியில் நிறுத்திவிட்டேன். இப்போது மிச்சத்தையும் எழுதுகிறேன்.

தாமஸ் கிளார்க்சன் என்று ஓர் ஆங்கிலேயர். 1760-ல் விஸ்பீச் என்ற ஊரில் பிறந்தார். அப்பா போதகர், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியரும் கூட. (வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். இவர் விஷயத்தில் அது பலிக்கவில்லை.) கேம்பிரிட்ஜில் படிக்கும்போது 1785-ல் லத்தீன் கட்டுரைப் போட்டி. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது நியாயமா என்பது தலைப்பு. பரிசுக்காக எழுத உட்கார்ந்தவர், படித்த விவரங்களால் தூக்கம் கெட்டுப்போய், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதையும் அந்தத் தலைப்புக்கே கொடுத்துவிட்டார். 1787 மே மாதம் லண்டனில் ஓர் அச்சகத்தில் பன்னிரண்டு பேர் கூடி அடிமை வியாபாரத்தை ஒழிக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதில் ஒன்பது பேர் குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கிளார்க்சன் ஆங்கிலிக்கன். அந்தச் சங்கத்துக்காக அவர் குதிரை மேல் ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் திரட்டினார். ஏழு வருடத்தில் 35,000 மைல்.

போகும் இடமெல்லாம் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுபோவார். அதில் ஆப்பிரிக்கர்கள் நெய்த துணி, தந்தம், நல்ல மரத்துண்டுகள், மிளகு வகைகள். கூடவே கப்பல்களில் பயன்படுத்திய கைவிலங்கு, கட்டைவிரலை நசுக்கும் திருகு. ஒரு கையில் அந்த மக்களின் கைவேலை, மறு கையில் அவர்களுக்கு நடந்தது. நாற்பது வருடம் கற்பித்தல் உபகரணம், கற்பித்தல் உபகரணம் என்று எங்களை ஆய்வாளர்கள் விரட்டினார்களே, உலகத்தில் அதைவிடச் சிறந்த உபகரணம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பெட்டி இன்றும் விஸ்பீச் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1791 ஏப்ரலில் அடிமை வியாபாரத்தை நிறுத்தும் தீர்மானம் பாராளுமன்றத்தில் தோற்றது. ஆதரவு 88, எதிர்ப்பு 163. பெரியவர்களின் சபை கதவைச் சாத்திவிட்டது. சாதாரண மக்கள் என்ன செய்ய முடியும்? ஓட்டு கிடையாது. பெண்களுக்குக் கிடையவே கிடையாது. பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அந்த வருடம் வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் சில பக்கங்களே உள்ள ஒரு சிறு பிரசுரம் எழுதினார். லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்த மார்த்தா கர்னி என்ற பாப்டிஸ்ட் பெண்மணி அதை வெளியிட்டார். நாலு மாதத்தில் ஏறக்குறைய 70,000 பிரதி போனது. (அதே காலத்தில் இங்கிலாந்தில் ஞாயிறு பள்ளிச் சங்கத்தைத் தொடங்கியவர் பெயரும் வில்லியம் ஃபாக்ஸ். இருவரும் ஒருவரே என்று நான் பல வருடம் சொல்லிக்கொடுத்தேன். தவறு. வேறு வேறு ஆட்கள். அப்போது குறிப்பெடுத்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.)

பிரசுரம் சொன்னது எளிய விஷயம். நீ தேநீரில் போடுகிற சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் வருகிறது. நீ வாங்குவதால்தான் தோட்டக்காரன் ஆள் வாங்குகிறான். ஆகவே வாங்காதே. அதற்கு ஒரு கணக்கும் போட்டிருந்தார். வாரம் ஐந்து பவுண்டு, அதாவது நம் கணக்கில் ரெண்டே கால் கிலோ, சர்க்கரை வாங்கும் ஒரு குடும்பம் அதையும் அதோடு சேர்ந்த ரம்மையும் 21 மாதம் விட்டால் ஒரு மனிதன் அடிமையாவதோ கொல்லப்படுவதோ தடுக்கப்படும். எட்டுக் குடும்பங்கள் பத்தொன்பதரை வருடம் விட்டால் நூறு பேர். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் நோட்டின் பின்பக்கத்தில் பெருக்கி வகுத்துவிட்டு, "சார், 89 தான் வருது" என்றான். சரிதான். ஃபாக்ஸ் நூறாக உருட்டிவிட்டார் போலிருக்கிறது. அந்தப் பையன் இப்போது பேங்க் மேனேஜர். ஆச்சரியமில்லை.

சர்க்கரை எப்படி வந்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வெட்டிய கரும்பு காத்திருக்காது. ஒரு நாள் இரண்டு நாளுக்குள் பிழியாவிட்டால் சாறு கெடும். அதனால் வெட்டுக் காலத்தில் ஆலையும் கொப்பரையும் ராத்திரி பகலாக ஓடும். பகலெல்லாம் வெட்டியவனே ராத்திரியில் உருளைக்குக் கரும்பு கொடுப்பான். தூக்கக் கலக்கத்தில் கை உள்ளே போய்விட்டால் உடம்பு முழுவதும் போய்விடாமல் கையை வெட்டி எடுக்கப் பக்கத்திலேயே கோடாலி வைத்திருப்பார்கள். அடிமைகளின் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. சின்னதுகள் சேர்ந்த குழுவுக்கென்று தோட்டத்தில் தனி வேலை உண்டு, களை பறிப்பது, மாட்டுக்குத் தழை கொண்டுவருவது என்று.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தத் தோட்டங்களின் முதலாளிகளும் கிறிஸ்தவர்களே. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஜெபம் சொல்லிவிட்டுத்தான் படுத்தார்கள். பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் என்ற கரும்புத் தோட்டம் உயில் மூலம் எஸ்.பி.ஜி. என்ற மிஷன் சங்கத்துக்கே சொந்தமாக வந்தது. அந்தத் தோட்டத்து அடிமைகளின் மார்பில் 'சங்கம்' என்ற ஆங்கிலச் சொல்லை ஒரு காலத்தில் சூட்டுக்கோலால் பொறித்தார்கள். தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் நமக்குப் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்ததே, அதே எஸ்.பி.ஜி. தான். அந்தப் பள்ளிகளின் நன்மையை அனுபவித்தவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். நன்றியும் இருக்கிறது, இந்த விவரமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிரசுரம் வந்த கொஞ்ச நாளில் கிளார்க்சன் மறுபடி ஊர் சுற்றக் கிளம்பினார். பல வருடம் கழித்து, 1808-ல் வெளியான தம் வரலாற்று நூலில் அந்தப் பயணத்தை எழுதியிருக்கிறார். தான் கடந்துபோன எந்த ஊரிலும் சர்க்கரையை விட்டவர் ஒருவராவது இல்லாமல் இல்லை என்கிறார். பணக்காரர், ஏழை, ஆங்கிலிக்கன் சபையார், மற்றச் சபையார் எல்லோரும். சில ஊர்களில் மளிகைக்காரர்களே விற்பதை நிறுத்திவிட்டார்கள். எஜமான் விட்டதைப் பார்த்து வேலைக்காரர்களும் தாமாகவே விட்டார்கள். மொத்தம் மூன்று லட்சம் பேர் என்று அவர் மதிப்பிடுகிறார். இந்த வரிசையில் பிள்ளைகளையும் சேர்க்கிறார். ஆப்பிரிக்கர்கள் பட்ட பாட்டின் வரலாற்றைப் புரிந்துகொள்ளக்கூடிய வயதுப் பிள்ளைகள், தாங்கள் பழகியிருந்த தித்திப்புப் பண்டங்களை உறுதியாக மறுத்தார்கள் என்கிறார்.

நான் வரலாற்று ஆசிரியன். இந்த இடத்தை எத்தனை முறை படித்திருப்பேனோ தெரியாது. எல்லாப் பிள்ளைகளும் என்று அவர் சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள் என்றோ பக்தியுள்ள பிள்ளைகள் என்றோ சொல்லவில்லை. வரலாற்றைப் புரிந்துகொண்ட பிள்ளைகள் என்கிறார். யாரோ ஒரு அம்மாவோ அத்தையோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கப்பலின் படத்தைக் காட்டியிருப்பார்கள். புரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் படம் அப்போது வீட்டுச் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்தது. 482 உருவங்கள், அடுக்கிவைத்த தீக்குச்சி மாதிரி. ஏழெட்டு வயதுப் பிள்ளை அதை எண்ணிப் பார்க்காமல் இருக்குமா? எண்ணிப் பார்த்த பிறகு கேக்கை நீட்டினால் என்ன செய்யும்?

யாக்கோபு நிருபத்தில் விசுவாசத்தையும் கிரியையையும் பற்றி வருவதை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். எனக்கு அதற்காக ஒரு சோப்பு டப்பா பரிசு கிடைத்தது. இந்தப் பிள்ளைகள் அதை நாக்கில் செய்துகாட்டினார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் முகம் மலர்ந்து விடவில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. 1792 மார்ச்சில் கில்ரே என்ற கேலிச்சித்திரக்காரர் ஒரு படம் போட்டார். மூன்றாம் ஜார்ஜ் அரசரும் ராணியும் சர்க்கரை இல்லாத தேநீரை ஆகா ஓகோ என்று குடிக்கிறார்கள். பக்கத்தில் இளவரசிகள் வரிசையாக, வேப்பெண்ணெய் கொடுத்ததுபோல மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ராணியம்மா பெண்களைத் தேற்றுகிறார்: அந்த ஏழைக் கறுப்பர்களுக்கு எவ்வளவு வேலை மிச்சம் பாருங்கள், அப்பாவுக்கு எவ்வளவு செலவு மிச்சம் பாருங்கள் என்று. அப்போது ஹெய்ட்டியில் கலகம் மூண்டு சர்க்கரை விலை ஏறியிருந்தது. தர்மமும் சிக்கனமும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தால் எது உள்ளே வந்தது என்று சொல்வது கஷ்டம். கில்ரே அதைத்தான் குத்திக்காட்டினார். எங்கள் வீட்டு லெந்து விரதத்தைப் பற்றியும் என் மனைவி இப்படி ஒரு சந்தேகம் எழுப்பியதுண்டு.

விட்டவர்களில் நீடித்து நின்றவர்களும் இருந்தார்கள். வில்லியம் ஆலன் என்ற குவேக்கர் இளைஞர் இருபது வயதை ஒட்டிச் சர்க்கரையை விட்டார். பின்னாளில் பெரிய மருந்தியல் அறிஞர் ஆனார். நாற்பது வருடத்துக்கு மேல் தொடவேயில்லை.

1807-ல் அடிமை வியாபாரம் சட்டப்படி நின்றது. ஆனால் ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்களுக்கு விடுதலை இல்லை. பெரியவர்கள் மெதுவாக, படிப்படியாக என்று பேசிக்கொண்டிருந்தார்கள். 1824-ல் லெஸ்டர் ஊரைச் சேர்ந்த எலிசபெத் ஹெய்ரிக் என்ற விதவைப் பெண்மணி, பள்ளிக்கூடம் நடத்தியவர், படிப்படியாக இல்லை, உடனே என்று ஒரு பிரசுரம் எழுதினார். வீடு வீடாக, கடை கடையாகப் போய் அடிமைச் சர்க்கரை வேண்டாம் என்று கேட்டார். அடுத்த வருடம் பர்மிங்காமில் பெண்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்தக் காலத்துச் சர்க்கரைக் கிண்ணங்களில் "கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல" என்று பொன்னெழுத்தில் எழுதி மேசையில் வைத்தார்கள். கிழக்கிந்தியம் என்றால் நம் நாடு. இதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

பிள்ளைகளுக்கென்றே புத்தகங்களும் வந்தன. 1826-ல் அமீலியா ஓபி என்பவர் ஒரு பாட்டுப் புத்தகம் எழுதினார். பக்கத்துக்கு ஒரு வண்ணப் படம். கரும்பு நடுவதிலிருந்து பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றுவது வரை சர்க்கரை செய்யும் முறையை ஓர் அடிமையே பிள்ளைகளுக்குச் சொல்கிறார். பாருங்கள், 'அன்பாக இரு' என்று தொடங்கவில்லை. சர்க்கரை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா என்று தொடங்குகிறது. இருபது வருடம் கழித்து அமெரிக்காவில், பிலடெல்பியாவில், இரண்டு குவேக்கர் சகோதரிகள் அடிமை ஒழிப்பு அரிச்சுவடி ஒன்று போட்டார்கள். எழுத்துக்கு ஒரு சொல், அதில் சர்க்கரையும் உண்டு. முன்னுரையில் சின்னப் பிள்ளைகளிடம், நீங்களும் செய்ய முடியும், பள்ளிவிட்டு வரும்போது கூட்டாளிகளிடம் பேசுங்கள், அடிமைச் சர்க்கரையில் செய்த மிட்டாயும் கேக்கும் வேண்டாமென்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்தப் புத்தகங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஒரு குறையும் உண்டு. அவற்றில் அடிமை எப்போதும் மண்டியிட்டுக் கைகூப்பியே இருப்பான். இரக்கம் காட்டுகிறவன் வெள்ளைப் பிள்ளை, இரக்கத்தைப் பெறுகிறவன் கறுப்பன். அந்தக் கறுப்பனுக்கும் விசுவாசம் இருந்தது, தைரியமும் இருந்தது என்று பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்று ஓர் அடிமை, பாப்டிஸ்ட் சபையில் டீக்கன். படிக்கத் தெரிந்தவர். 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலி தராமல் கரும்பு வெட்ட மாட்டோம் என்று எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டுமென்று திட்டமிட்டார். வேலைநிறுத்தம் கலகமாக மாறியது. பின்னர் தூக்கிலிடப்பட்டும் சுடப்பட்டும் முந்நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஷார்ப்பை 1832 மே மாதம் தூக்கிலிட்டார்கள். லண்டனில் சட்டம் வேகமெடுத்ததற்கு அந்தக் கலகமும் ஒரு பெரிய காரணம். அதே 1831-ல் மேரி பிரின்ஸ் என்ற பெண், அடிமையாகத் தான் பட்டதைத் தன் வாயால் சொல்லப் புத்தகமாக வந்தது. ஞாயிறு பள்ளிகளில் கிளார்க்சன் பெயராவது எப்போதாவது வருகிறது. இவர்கள் பெயர் வந்து நான் கேட்டதில்லை.

1833-ல் சட்டம் நிறைவேறி 1834 ஆகஸ்ட் முதல் தேதி அமலுக்கு வந்தது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உடனே விடுதலை. மற்றவர்கள் 'பயிற்சிப் பணியாளர்' என்ற பெயரில் மேலும் நான்கு வருடம் அதே வயலில் உழைத்தார்கள். இரண்டு கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. யாருக்கு என்று கேட்கிறீர்களா? முதலாளிகளுக்கு.

ஒன்பதாம் வகுப்பில் நான் இங்கே நிறுத்திவிடுவேன். மணி அடித்துவிடும்.

இப்போது அந்தப் பொன்னெழுத்துக் கிண்ணத்துக்கு வருவோம். அடிமைகள் செய்யாத சர்க்கரை என்று நம் நாட்டுச் சர்க்கரையை நம்பி வாங்கிய அந்த நல்ல அம்மாமாருக்கு, கம்பெனி ஆட்சியிலேயே, நம் தஞ்சாவூர் வயல்களிலும் மலபாரிலும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட பண்ணையடிமைகள் இருந்தார்கள் என்பது தெரியாது. அந்த ஏற்றுமதிச் சர்க்கரை பெரும்பாலும் வங்காளப் பக்கத்தது, உண்மைதான். ஆனால் 'அடிமை இல்லாத நாடு' என்று நம்மைச் சொல்லிக்கொள்ள அப்போது நமக்கு யோக்கியதை இல்லை. 1843-ல்தான் இங்கே அடிமை முறைக்கான சட்ட அங்கீகாரம் போனது.

அடுத்தது இன்னும் நெருங்கி வருகிறது. அடிமைகள் போன பிறகு கரும்பை யார் வெட்டுவது? 1834 ஆகஸ்டில் சட்டம் அமலாகிறது. அதே வருடம் நவம்பர் 2-ம் தேதி அட்லஸ் என்ற கப்பல் 36 இந்தியக் கூலிகளோடு மொரீஷியஸில் நிற்கிறது. மூன்றே மாதம்! பிறகு கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாக. 1860 நவம்பர் 16-ம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. சென்னையிலிருந்து புறப்பட்டது. 342 பேர். தமிழர், தெலுங்கர், அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. ஐந்து வருட ஒப்பந்தம், மாதம் பத்து ஷில்லிங், கரும்புக் காடு. பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பாரதி பாடியது உங்களுக்குத் தெரியும். நான் பாடி நீங்கள் சிரித்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இவர்களுக்காக எந்த ஊர்ப் பிள்ளை சர்க்கரையை விட்டது? பெரியவர்கள் சிலர் குரல் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். பழைய அடிமை ஒழிப்புக்காரர்களே இந்தக் கூலிமுறையும் அதே சரக்குதான் என்று கத்தி, 1839 முதல் சில வருடம் ஆள் ஏற்றுமதியை நிறுத்தவும் வைத்தார்கள். 1915-ல் சி.எஃப். ஆண்ட்ரூஸ், ஒரு பாதிரியார், டில்லியில் பல வருடம் வாத்தியாராக இருந்தவர், பிஜிக்கே போய்ப் பார்த்து எழுதினார். ஆனால் பிள்ளைகளுக்கு யாரும் கிண்ணத்தில் எழுதி வைக்கவில்லை. சர்க்கரை சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இனி எழுதப்போவதைப் பேத்தியிடம் சொல்லும்போது கொஞ்சம் தடுமாறினேன்.

1979 என்று நினைக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை சபையில் ஞாயிறு பள்ளி, இரண்டிலும் ஏறக்குறைய அதே பிள்ளைகள். லெந்து காலம். ஐயர் அட்டைப் பெட்டிகள் கொடுத்திருந்தார். இந்த கிளார்க்சன் கதையை முழு வேகத்தோடு சொல்லிவிட்டு, "நாற்பது நாள் உங்களுக்குப் பிடித்த ஒரு தின்பண்டத்தை விடுங்கள். அந்தக் காசைப் பெட்டியில் போடுங்கள். ஏழைகளுக்குப் போகும்" என்றேன். ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். கமர்கட், தேன்மிட்டாய், முறுக்கு, காபி. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், நான் எதை விடுறது?" என்றாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "சரி, நீ ஜெபம் பண்ணு" என்று சொல்லி உட்காரவைத்தேன்.

இரண்டு வாரத்தில் அவள் வகுப்புக்கு வருவது நின்றது. மேஸ்திரி முன்பணம் கொடுத்திருந்தார், குடும்பத்தோடு கரும்பு வெட்டப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். அம்மாவும் அப்பாவும் வெட்ட, இவள் சோகை உரித்துக் கட்டுக் கட்ட வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து 'ஆ' போட்டு வந்தேன். விதிப்படி இத்தனை நாள் வராவிட்டால் பெயரை நீக்க வேண்டும். நீக்கினேன். சிவப்பு மையில், அடிமட்டம் வைத்து, நேராக ஒரு கோடு. ஈஸ்டருக்குப் பெட்டிகளைத் திறந்து எண்ணினோம். வகுப்புக்கு நல்ல பெயர் கிடைத்தது.

ஜமைக்காக் கரும்பு எனக்குத் தெரிந்திருந்தது. கேம்பிரிட்ஜ் லத்தீன் கட்டுரை தெரிந்திருந்தது. மூன்றாவது வரிசை தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. வேறொரு ஊருக்கு மாற்றலாகி, அங்கே தை மாதம் பிறந்ததும் வகுப்பில் நாலு இடம் காலியானபோதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு பதிவேட்டில் கோடு போடுவதற்கு முன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெட்டு நடக்கிற இடத்துக்குப் போய்வரப் பழகினேன். சில பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவந்தேன். பலரை முடியவில்லை. கொட்டகை போட்ட இடத்துக்குப் பக்கத்திலுள்ள பள்ளியில் மூன்று மாதம் உட்கார வைக்க ஒரு தலைமை ஆசிரியர் சம்மதித்தார், இன்னொருவர் கையை விரித்தார். உங்களில் இரண்டு பேருக்கு இது நேரில் தெரியும். பெயர் சொல்லமாட்டேன்.

பேத்தி இதையெல்லாம் படுத்தபடியே கேட்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனேன்.

"அந்த அக்கா திரும்ப வந்தாங்களா தாத்தா?"

"தெரியலைம்மா. நான் விசாரிக்கவே இல்லை அப்போ."

"இப்ப நம்ம ஊர்ல யாரு வெட்டுறாங்க?"

காலையில் அட்டையைப் பார்த்தேன். பின்பக்கத்தில் பென்சிலால் அந்தக் கேள்வியை எழுதி, கீழே ஆறாவது என்று நம்பர் போட்டிருந்தாள். இந்த வெயிலில் வெட்டு அநேகமாக முடிந்திருக்கும். ஆலைக்குப் போகும் ரோட்டில் கடைசி வண்டிகள் நாலைந்து நிற்கலாம். நாளை விடியலில் அவளை அழைத்துக்கொண்டு அதுவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.

உங்களில் பள்ளிகளில், பி.டி.ஓ. ஆபீசில், ஆலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறீர்கள். இந்தப் பருவத்தில் உங்கள் பக்கம் வெட்டுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே தங்கியிருந்தார்கள், எந்தப் பள்ளிக்காவது போனார்களா என்று தெரிந்தவர்கள் எனக்குப் போன் செய்யுங்கள். பழைய நம்பர்தான். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை மட்டும் வேண்டாம், தூங்குவேன்.